திருப்பிப் போடாத இசைத்தட்டு

தொலைபேசிக்கு மனுப் போட்டுவிட்டு, அது வந்து சேர்வதற்குள் தாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் ப்ரெரோவ் நகரத்தில் எத்தனையோ பேர். மத்தோவ்ஷ் கூபாலா மனுவே போடவில்லை. அவர் வீட்டுக்கு ஃபோன் வந்துவிட்டது. புதன்கிழமை காலையில் இரண்டு பேர் கம்பிச் சுருளோடு வந்தார்கள், சுவரில் ஓட்டை போட்டார்கள், கூடத்து அலமாரிமேல் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் குந்தவைத்துவிட்டுப் போனார்கள். காசு கேட்கவில்லை. ஒரு வாய் பிளம் சாராயம்கூடக் கேட்கவில்லை. கூபாலா அதைத்தான் கவனித்தார். ரிப்பேர் வேலைக்கு வருகிறவன் சாராயம் கேட்காமல் போனால் அவனுக்கு வேறெங்கோ படி அளக்கிறார்கள் என்று அர்த்தம்.

கீழ்வீட்டு ஹெட்விகா மூச்சு வாங்கப் படியேறி வந்து வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன கூபாலா, யாருக்கு சோப்பு போட்டீங்க? எங்க வீட்டுக்காரர் மனுப் போட்டு, செத்து, அவர் கல்லறையில புல்லு முளைச்சு, அதையும் வருஷா வருஷம் வெட்டிக்கிட்டிருக்கேன். ஃபோன் மட்டும் வரல."

"நான் கேக்கல. வேணும்னா தூக்கிட்டுப் போ."

"பொண்ணு அந்தப் பக்கம் நின்னுடுச்சு, அப்பனுக்கு ஃபோன் வருது. நல்லா இருக்கய்யா நம்ம ஊரு நியாயம்!" என்று சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல. மாடிப்படியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று இறங்கிப் போனாள். அவள் வீட்டில் பால் வாங்குவதில்லை என்பது கட்டடத்துக்கே தெரியும்.

கூபாலா சோபாவிலிருந்து ஒரு தலையணையை எடுத்து ஃபோன்மேல் கவிழ்த்தார். ஃபோன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அது தூங்கும்போதும் கேட்கும் என்று பேச்சு.

பெண் திரும்பி வராமல் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது உண்மை. அவள் பெயர் லிபுஷா. வயலின்காரி. சின்ன வாத்தியக்காரி இல்லை. பின்னால் ஒரு வாத்தியக் கூட்டமே உட்கார்ந்திருக்க, முன்னால் தனியாக நின்று வாசிக்கிறவள். அக்டோபரில் வாத்தியக் குழு ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்துக்குக் கச்சேரிக்குப் போனது. திரும்பி வந்த பஸ்ஸில் அவள் இருக்கையில் அவளுடைய குடை மட்டும் இருந்தது. அந்த வாரமே சர்க்கார் ஆட்கள் கடைகளிலிருந்து அவள் இசைத்தட்டைக் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். வானொலியில் அவள் பெயர் நின்றது. தெருவில் அவளுடைய பழைய வாத்தியாரம்மா கூபாலாவைப் பார்த்து, எதிர்ப்பக்க நடைபாதையில் ஏதோ அவசரம் வந்தவள் போலக் கடந்து போனாள். கூபாலா அவள்மேல் கோபப்படவில்லை. அவரும் வாழ்நாளில் சிலரை அப்படிக் கடந்து போனவர்தான்.

கூபாலாவுக்குத் தெரிந்து அந்த இசைத்தட்டு மிச்சம் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். கறுப்பு உடுப்பில் மகள் நிற்கும் படம் போட்ட உறை. உள்ளே வயலினும் வாத்தியக் குழுவும். கூபாலாவுக்குச் சங்கீதம் தெரியாது. ஆயுள் முழுக்க ரயில்வே யார்டில் சரக்குப் பெட்டிகளை மாட்டிக் கழற்றியவர். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. அவருக்கு அந்தத் தட்டு இப்படித்தான் கேட்டது: முதலில் பெரிய கூட்டம் ஒன்று சேர்ந்து கனமான எதையோ மேட்டில் தள்ளுகிறது. மூச்சு வாங்குகிறது, தள்ளுகிறது. பிறகு எல்லோரும் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு பெண் நடுவில் நடந்து வருகிறாள். கூட்டம் அவளை மிரட்டுகிறது, அவள் பதில் சொல்கிறாள். கூட்டம் மறுபடி கத்துகிறது, அவள் விட்டுக்கொடுப்பதில்லை. கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே முதல் பக்கம் பெரிய சத்தத்தோடு முடியும். கூபாலா ஊசியைத் தூக்கிவிடுவார். மறுபக்கம் போடுவதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. மறுபக்கம் மெதுவாக ஆரம்பிக்கும். வாத்தியக் குழு முணுமுணுத்துவிட்டு அடங்கும். அடங்கின இடத்தில், வில் தந்தியைத் தொடுவதற்கு முன்னால், லிபுஷா மூக்கால் இழுக்கிற மூச்சு கேட்கும். தட்டு போட்டவர்கள் அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். சின்ன வயதில் சளி பிடித்தால் இழுப்பாளே, அதே மூச்சு. தட்டு வந்த புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டார். தனியாகக் கேட்டதால், அழுததை யாரும் பார்க்காமல் போயிற்று. அதற்குப் பிறகு மறுபக்கத்தின் பக்கமே போகவில்லை.

பெண்டாட்டி ஒட்டிலியா உள் அறையில் படுத்திருந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. கால் இரண்டும் மாவு உருண்டை போல உப்பி, விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஒலமோட்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு வட்டார டாக்டர் எழுதியிருந்தார். படுக்கை இல்லை என்று பதில்.

படுக்கை உண்டு என்று சொன்னவர் தோழர் ஸ்வோசில்.

அவர் எந்த ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. போன வாரம் முதல் தடவை வந்தார். வாசலில் குனிந்து காலணியைக் கழற்றினார். விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் செருப்புகளைத் தள்ளிவிட்டு, ஓரத்தில் இருந்த லிபுஷாவின் சிவப்புக் கம்பளிச் செருப்பில் பாதி காலை நுழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பூட்ஸோடு நுழைகிற போலீஸ்காரனைக் கூபாலா பார்த்திருக்கிறார்; அவன் வந்த வேலை முடிந்தால் போய்விடுவான். காலணியைக் கழற்றிவிட்டு வருகிறவன் உட்கார வருகிறான்.

"ஐயா, எங்களுக்கு முன்கூட்டி ஒண்ணுமே தெரியாது" என்றார் ஸ்வோசில். ஒல்லியான மனிதர். சுத்தமான நகம். "தெரிஞ்சிருந்தா பாஸ்போர்ட்டே கொடுத்திருக்க மாட்டோமே. உங்க குடும்பத்தை நாங்க திரும்பிக்கூடப் பாத்தது கிடையாது, அவ்வளவு மரியாதை. அதனாலதான் சொல்றேன், இது திட்டம் போட்டுச் செஞ்சது இல்ல. சின்னப் பொண்ணு, கடைவீதி வெளிச்சத்தைப் பாத்து மயங்கிடுச்சு. கோர்ட்டும் அப்படித்தான் பாக்கும். வந்துட்டா ரெண்டு மாசத்துல மறுபடி மேடையில நிப்பாங்க."

"நான் என்ன செய்யணும்?"

"பொய் சொல்லச் சொல்லல. உண்மையைத்தான் சொல்லச் சொல்றேன். அம்மாவுக்கு முடியல, வந்து பாருன்னு. அவங்க வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவாங்க. நம்பரைக் கொண்டுபோய்ச் சேக்க எங்களுக்கு ஆள் இருக்கு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி கார் வந்து அம்மாவை ஒலமோட்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிடும்."

"எனக்கு ஃபோனே கிடையாது."

"வரும்" என்றார் ஸ்வோசில். வந்தது.

புதன்கிழமை பகல் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள்.

"பூனை எலிக்கு விருந்து வைக்குதாம், நீ இலை போடச் சொல்றே" என்றார் கூபாலா.

"லிபுஷாப்பா, உனக்குப் பெத்த தகப்பன் மேலயே நம்பிக்கை கிடையாது. நம்ம கல்யாணத்துல பாதிரியார் கொடுத்த மோதிரத்தைப் பித்தளையா தங்கமான்னு கடிச்சுப் பாத்தவன் நீ."

"பித்தளையாத்தானே இருந்துச்சு!"

"இருந்துட்டுப் போகட்டும்! அதைப் போட்டுக்கிட்டுத்தானே இத்தனை வருஷம் உனக்கு மாவு உருண்டை அவிச்சுப் போட்டேன்?" ஒட்டிலியா மூச்சுக்காக நிறுத்தினாள். "நான் அவளைப் பாக்கணும். ஒரு தரம். மேடையில நிக்க விடுறாங்களோ, விடலையோ. ஜெயில்ல போட்டாலும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அப்புறம் இங்கதானே இருப்பா? நீயும் தனியா இருக்க மாட்டே."

கூபாலா அவளுடைய காலைப் பார்த்தார். மோதிரம் இப்போது விரலில் ஏறாமல் மருந்துப் புட்டி பக்கத்தில் கிடந்தது. வியாழக்கிழமை காலையில், ரொட்டி வெட்டிக்கொண்டே, "சரி, சொல்லித் தொலைக்கிறேன்" என்றார். ஒட்டிலியா அன்றைக்கு ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஸ்வோசில் மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். கையில் காகிதப் பையில் ஆரஞ்சு. பிப்ரவரி மாதம் ப்ரெரோவில் ஆரஞ்சு என்றால் கடைக்கு முன்னால் வரிசை தெருமுனை வரை நிற்கும். இவர் வரிசையில் நின்ற ஆள் மாதிரி தெரியவில்லை. காலணி கழன்றது, சிவப்புச் செருப்பு ஏறியது. உள் அறைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே ஒட்டிலியாவுக்குத் தலைசாய்த்து வணக்கம் வைத்தார்.

"அம்மா இன்னைக்குத் தெம்பா இருக்காங்க போல."

"பொண்ணு குரல் கேக்கப்போறா இல்ல" என்றார் கூபாலா. கண்ணாடி டம்ளரில் காப்பித் தூளைப் போட்டு மேலே கொதிநீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். தலையணையை எடுத்து ஃபோனைத் திறந்து வைத்தார். அதைப் பார்த்து ஸ்வோசில் சின்னதாகச் சிரித்தார்.

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றார். "தப்பா நினைக்காதீங்க. அந்த ரெக்கார்டை ஒரு தரம் போடுறீங்களா? இப்ப எங்கயும் கிடைக்கறதில்ல."

கிடைக்காமல் செய்தவன் கிடைக்கவில்லை என்கிறான். கூபாலா தட்டை எடுத்துத் துணியால் துடைத்துப் போட்டார்.

கூட்டம் தள்ள ஆரம்பித்தது. ஸ்வோசில் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஆளுக்குச் சங்கீதம் பிடித்திருந்தது. அது நடிப்பு இல்லை, கூபாலாவுக்கே தெரிந்தது. அதனால் வெறுப்பு இன்னும் கூடியது. வயலின் வருவதற்குச் சற்று முன்பே அவர் விரல் மெல்ல எழுந்தது, வந்ததும் தாழ்ந்தது. வயலின் ஏறினால் அவர் புருவமும் ஏறியது. அடுத்து எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது எல்லாம் அவர் முகத்தில் கொஞ்சம் முன்கூட்டியே ஓடியது. காப்பி ஆறிப்போய்த் தூள் அடியில் படிந்தது. ஜன்னலுக்கு வெளியே யார்டிலிருந்து எஞ்சின் ஒன்று நீளமாக ஊதியது. ஸ்வோசில் முகம் சுளித்தார், தன் வீட்டுக் கச்சேரியில் எவனோ இருமியது போல.

முதல் பக்கம் முடிந்தது. கூபாலா எழுந்து ஊசியைத் தூக்கி, வழக்கம்போலத் தட்டை உறைக்குள் போடப் போனார்.

"ஐயோ, வேணாம் ஐயா" என்றார் ஸ்வோசில். குரலில் நிஜமான வலி இருந்தது. "இன்னைக்காவது திருப்பிப் போடுங்க. ஏன் எப்பப் பாத்தாலும் முதல் பக்கத்தோட நிறுத்திடறீங்க? அதுக்கு அப்புறம்தானே உயிரே இருக்கு! கோடைக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மாகூடக் கேட்டாங்களே, 'மறுபக்கத்தையும் போடேன்'னு. நீங்க 'போதும், சூப் ஆறுது'ன்னுட்டீங்க. எனக்குத் தாங்கல, தெரியுமா?"

தட்டு கூபாலாவின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் நின்றது.

உள் அறையில் கட்டில் ஒரு தடவை கிரீச்சென்றது.

ஸ்வோசில் தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தாரா? உணர்ந்த மாதிரி தெரியவில்லை. சாப்பாட்டில் பாதியைப் பறிகொடுத்தவன் மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து, பாதிப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பட்டினி கிடந்த மனிதன். சங்கீதம் தெரியாத போலீஸ்காரனாக இருந்திருந்தால் இந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்திருக்காது.

கூபாலாவின் புத்தி மெதுவானது, ஆனால் தடம் மாறாது. கோடைக்காலம். லிபுஷா போனது அக்டோபரில். அப்படியானால் இந்த வீட்டுக்குக் காது முளைத்தது இந்த சாம்பல் நிற ஃபோனால் இல்லை. தலையணை போட்டது வீண். அதற்கு முன்பே, சுவரிலோ, விளக்கிலோ, எங்கேயோ. திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்றானே! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்தச் சோறு வேகவில்லை என்றால் கோர்ட்டும் வேகவில்லை, மேடையும் வேகவில்லை.

அடுத்தது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் இதே கூடத்தில், இதே மேஜையில், லிபுஷா கொஞ்சம் ஒயின் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, லின்ஸுக்குப் போனா நான் திரும்பி வர மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்" என்றாள். யாரோடு தங்குவாள், யார் உதவுவார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். அவர்தான் "வாயை மூடு, சுவருக்கும் காது உண்டு" என்றார். சும்மா வாய்ப்பழக்கமாகச் சொன்னது. சர்க்காருக்குக் காது ஒரு ஊரில், கை ஒரு ஊரில். அன்றைக்கு எவனோ கேட்டு வைத்ததை எவனும் சரியான நேரத்தில் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் அவள் தப்பினாள். இப்போது எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மயங்கி நின்ற சின்னப் பொண்ணு இல்லை, திட்டம் போட்டு ஓடியவள். வந்தால் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை. வயலின் பிடிக்கிற வயது முழுக்க உள்ளே.

"போடுங்க" என்றார் ஸ்வோசில் மெல்ல.

கூபாலா தட்டைத் திருப்பிப் போட்டார்.

வாத்தியக் குழு முணுமுணுத்தது. நெருப்பு அணைந்த அடுப்பைச் சுற்றி ஆட்கள் தணிந்த குரலில் பேசுவது போல. பேச்சு தேய்ந்தது. அடங்கியது. அந்த மூச்சு வந்தது. மூக்கால், சின்னதாக.

"ஆ" என்றார் ஸ்வோசில், கண்ணைத் திறக்காமல். "கேட்டீங்களா? மூச்சு விடறாங்க."

கூபாலா அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரக்குப் பெட்டியின் கொக்கியைத் தூக்கிய கை. இன்னும் பலம் இருந்தது. உள் அறைப் பக்கம் திரும்பினார். ஒட்டிலியா தலையணையில் முழங்கையூன்றிப் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகு மாதிரி இருந்தது. அவளும் கேட்டிருந்தாள், ஸ்வோசில் சொன்னதையும், மூச்சையும். புருஷனை நேராகப் பார்த்தாள். பிறகு தலையை ஒரே ஒரு தடவை இடமும் வலமும் ஆட்டினாள்.

ஃபோன் அடித்தது.

ஸ்வோசில் சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. "ஓடட்டும். அவங்க காதிலயும் விழட்டும். மனசு இளகும்" என்றார். நாற்காலியை ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கூபாலா எடுத்தார்.

"அப்பா?" கம்பி வழியே அவள் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. "அப்பா, நான்தான். நிஜமாவே ஃபோன் வந்துடுச்சா நமக்கு? என்னால நம்பவே முடியல."

"எனக்கும்தான்."

"அம்மா எப்படி இருக்கா? ஒருத்தர் வந்து சொன்னாரு, எழுந்திருக்கவே முடியல, நாளை எண்ணிக்கிட்டிருக்கான்னு. நான் ரெண்டு நாளா தூங்கல அப்பா. மூட்டை கட்டி வச்சிருக்கேன். நீ சொன்னா நாளைக்கே ரயில் ஏறிடுவேன்."

ஸ்வோசில் ஆள்காட்டி விரலால் உள் அறையைக் காட்டினார். சொல்லுங்க, என்று உதடு அசைந்தது.

"எவன் சொன்னது?" என்றார் கூபாலா. "சொன்னவன் வாயில புழு விழ. உங்கம்மா நல்லா இருக்கா. குதிரை மாதிரி திங்கறா. நேத்து முழு ரொட்டி."

ஸ்வோசிலின் விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

"நிஜமாவா அப்பா? அந்த ஆளு வந்து—"

"யோவ் கிழவா!" உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஒட்டிலியாவின் பழைய குரல், யார்ட் வரை கேட்ட குரல், வீட்டில் பல மாதமாகக் கேட்காத குரல். "யாருகிட்ட வம்பளந்துக்கிட்டு நிக்கிறே? சூப் ஆறுது! எத்தனை தரம் சுட வைக்கிறது? எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

அடுப்பில் சூப் எதுவும் இல்லை.

மறுமுனையில் லிபுஷா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. "அம்மாதான். அம்மாவேதான். கிட்ட கூப்பிடு அப்பா, ஒரு வார்த்தை பேசறேன்."

"அவளுக்கு வேலை இருக்கு. கேளு. இங்க உனக்கு ஒரு வேலையும் கிடையாது. உன் இடமெல்லாம் ஆள் வந்தாச்சு. உன் சிவப்புச் செருப்பைக்கூட ஒருத்தர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. இப்ப. என் பக்கத்துல."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பின்னால் தட்டு சுழன்று, இங்கே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் பேசாமல் நின்றாள்.

"புரியுது அப்பா" என்றாள் கடைசியில். வேறு குரல். "மூட்டையைப் பிரிச்சிடறேன்."

"பிரி" என்றார் கூபாலா, வைத்துவிட்டார்.

திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்துத் தோளை இறுக்கிக்கொண்டு நின்றார். ஸ்வோசில் திட்டவில்லை. மெதுவான பகுதி முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் தானே எழுந்து ஊசியைத் தூக்கினார், தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்து உறைக்குள் போட்டார், உறையைத் தன் தோல்பைக்குள் வைத்தார். பையை மூடினார். வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தார். காலணி நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டே பேசினார்.

"நல்ல செய்தி ஐயா. அம்மா நல்லா இருக்காங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அம்மாவும் சொல்லிட்டாங்க. எல்லாம் பதிவாயிருக்கு. நல்லா இருக்கறவங்களுக்குப் படுக்கை எதுக்கு? காத்திருக்கறவங்க எத்தனை பேரு."

"அவ பேசினது—"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்க சொன்னதைத்தான் நான் சொல்றேன்." நிமிர்ந்தார். "ஆரஞ்சு வச்சிருக்கேன். சிறுநீரகத்துக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. ஆனா நல்லா இருக்கறவங்க சாப்பிடலாம்."

திங்கட்கிழமை கார் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வட்டார டாக்டர் வந்தார். இருபது வருடமாகத் தெரிந்தவர், வாசலிலேயே சத்தமாக ஜோக் சொல்லிக்கொண்டு நுழைகிறவர். அன்று ஜோக் இல்லை. ஒட்டிலியாவின் காலை அழுத்திப் பார்த்தார், நாடி பிடித்தார், இரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. கூபாலாவைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் தொட்டியில் சடசடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் வாயைக் கொண்டுவந்து கூபாலாவின் காதில் வைத்தார்.

"என்னய்யா செஞ்சே? ஒலமோட்ஸ்ல அவ பேரையே அடிச்சுட்டாங்க. மறுபடி எழுதினா, குடும்பத்தாரே நலம்னு சொல்லியிருக்காங்க, நீங்க ஏன் துடிக்கிறீங்கன்னு என்னைக் கேக்கறாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு கூபாலா."

"எவ்வளவு நாள்?"

"ஈஸ்டர் தாண்டாது. பொண்ணுக்குத் தெரியப்படுத்தணும்னா இப்பவே—"

கூபாலா டாக்டரின் வாயைக் கையால் பொத்தினார். அழுத்தமாகத்தான் பொத்தினார்; டாக்டரின் மூக்குக்கண்ணாடி நகர்ந்தது. தண்ணீர்ச் சத்தம் பேச்சை மறைக்கும் என்பதை அவர் நம்பவில்லை. குழாயையும் நம்பவில்லை. டாக்டர் சொன்ன இந்தக் கெடு ஒரு சுவருக்குத் தெரிந்தால் போதும், மறுநாளே லின்ஸில் ஒருவன் அவள் கதவைத் தட்டி, உன் அம்மா சாகிறாள், உன் அப்பன் மறைக்கிறான் என்பான். இந்தத் தடவை அவன் சொல்வது நிஜமாக இருக்கும். அவள் மூட்டை கட்டுவாள்.

டாக்டர் அவரை விலக்கிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். விசிட்டுக்கு வரும்போதெல்லாம் குடிக்கும் சாராயத்தைக் குடிக்கவில்லை.

கூபாலா குழாயை மூடினார். உள் அறைக்குப் போனார். ஒட்டிலியா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள்.

கூபாலா நடு அறையில் நின்றுகொண்டார். நாற்புறமும் கேட்கும்படி, ரயில்வே யார்டில் கத்துகிற குரலில் சொன்னார்.

"சொல்லிட்டாரு, சின்னப் பொண்ணு மாதிரி இருக்கியாம்! இன்னும் பத்து வருஷத்துக்கு என் உயிரை வாங்குவியாம்!"

ஒட்டிலியா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் இருந்ததைப் படித்தாள்.

"அப்படியா?" என்றாள், அதே அளவு சத்தமாக. "அப்ப நாளைக்கு எழுந்து ஜன்னல் துடைக்கணும். ஒரே அழுக்கா இருக்கு."

சொல்லிவிட்டு, வலியில் முனகல் வெளியே வந்துவிடாமல் போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.